கூந்தலைக் களைந்து ஹாலிவுட் வாசலைத் திறந்தவர்

புது தில்லி: ஆஸ்கர் விருது மேடையில் இந்திய நடிகை ஒருவர் தோன்றினால், மறுநாள் நாடு முழுவதும் அதுவே பேச்சாக இருக்கிறது. 2016-ல் பிரியங்கா சோப்ரா விருது வழங்கச் சென்றபோதும், 2023-ல் "நாட்டு நாட்டு" பாடலை அறிமுகப்படுத்தத் தீபிகா படுகோன் சென்றபோதும் அப்படித்தான் இருந்தது. அவர்களுக்கு முன்பே, 1980-ம் ஆண்டில், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த பெண் ஒருவர் அதே மேடையில் நின்று விருது வழங்கினார். ஆஸ்கர் விருது வழங்கிய முதல் இந்தியக் குடிமகள் அவர்தான். பெயர் பெர்சிஸ் கம்பாட்டா. தாய்நாட்டில் இந்தப் பெயரை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலர்.

பதினேழு வயது நிறைவதற்குள் இந்திய அழகி. முப்பத்தோரு வயதில் உலகெங்கும் திரையிடப்பட்ட ஹாலிவுட் படத்தின் நாயகி. முப்பதுகளின் நடுவில் இருதய அறுவைச் சிகிச்சை. ஐம்பதை எட்டும் முன்பே மரணம். இவ்வளவு வேகமாக ஓடி முடிந்த அந்த வாழ்க்கை, அழகிப் போட்டியிலிருந்து திரையுலகுக்குச் செல்லும் பாதையை முதலில் வெட்டியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும் கதையும் ஆகும்.

சோப்பு விளம்பரம் தந்த தொடக்கம்

1948-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி பம்பாயில் நடுத்தரப் பார்சி குடும்பத்தில் பிறந்தார் பெர்சிஸ். அவருக்கு இரண்டு வயதானபோது தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றார். வசதிகள் குறைந்த வீட்டில் வளர்ந்த அந்தச் சிறுமிக்கு, பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே கேமரா அறிமுகமானது. பம்பாயின் புகைப்படக் கலைஞர் ஒருவர் எடுத்த படங்கள் பிரபல சோப்பு ஒன்றின் விளம்பரத்துக்குப் பயன்பட்டன. விளம்பரம் வெற்றி பெற்றது. அதில் இருந்த பெண்ணின் முகமும் பலருக்குப் பழகிப்போனது.

பெண்களுக்கான "ஃபெமினா" இதழ் 1964-ல் இந்திய அழகிப் போட்டியை நடத்தத் தொடங்கியது. முதல் ஆண்டில் மெஹர் காஸ்டெலினோ பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு, 1965-ல், மகுடம் பெர்சிஸுக்குக் கிடைத்தது. படங்களில் அழகாகத் தோன்றும் முகத்துக்கான பரிசும் அவருக்கே வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் அவர் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

இன்று இத்தகைய போட்டிகளுக்குச் செல்லும் இளம்பெண்களுக்கு நடை, பேச்சு, உணவு, உடற்பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆடை வடிவமைப்பாளர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். 1965-ல் அப்படி எதுவும் இல்லை. கடைசி நேரத்தில் கடையில் வாங்கிய ஆயத்த ஆடைகளுடன்தான் பெர்சிஸ் மேடை ஏறினார். அந்த ஆண்டு மகுடம் தாய்லாந்தின் அப்சரா ஹோங்சகுலாவுக்குச் சென்றது. பெர்சிஸ் வெறுங்கையுடன் திரும்பினாலும், உலகம் எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பயணம் அவருக்குக் காட்டிவிட்டது.

மகுடத்துக்குப் பிறகு என்ன?

அந்தக் காலத்தில் அழகிப் பட்டம் வென்ற பெண் அடுத்து என்ன செய்வது என்பதற்கு வகுத்த வழி ஏதும் இல்லை. 1947-ல் முதல் "மிஸ் இந்தியா"வாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரமிளா ஏற்கெனவே திரைப்பட நடிகை. எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் என்பது அவரது இயற்பெயர். 1952-ல் பிரபஞ்ச அழகிப் போட்டிக்குச் சென்ற இந்திராணி ரஹ்மான் சென்னையில் பிறந்தவர். பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதநாட்டியம் பயின்ற அவர், பிற்காலத்தில் நடனத்துக்காகவே உலகப் புகழ் பெற்றார். 1954-ல் பட்டம் வென்ற லீலா நாயுடு, "அனுராதா" போன்ற சில படங்களில் மட்டும் நடித்து ஒதுங்கிக்கொண்டார். பெர்சிஸுக்கு அடுத்த ஆண்டு, 1966-ல், உலக அழகிப் பட்டத்தை வென்ற முதல் ஆசியப் பெண் என்ற பெருமை பெற்ற ரீட்டா ஃபாரியாவோ திரையுலகை நாடாமல் மருத்துவப் படிப்பை முடித்து மருத்துவரானார்.

இவர்களில் பலருக்குக் கைகொடுக்கக் கல்வியோ, கலையோ, குடும்பமோ இருந்தது. பெர்சிஸிடம் இருந்தது அவரது முகமும் துணிவும்தான். விளம்பர மாடலாக அவர் உழைத்தார். ஏர் இந்தியா நிறுவனத்துக்கும், சேலை, அழகுசாதன நிறுவனங்களுக்கும் அவர் முகம் கொடுத்தார். மாடலிங் என்ற சொல்லே பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு அந்நியமாக இருந்த காலம் அது. அதைத் தொழிலாக ஏற்று வாழ முடியும் என்று நிரூபித்த முதல் தலைமுறைப் பெண்களில் அவரும் ஒருவர்.

பம்பாய்ப் படவுலகம் தந்த வேடம்

இந்தித் திரையுலகில் அவரை அறிமுகப்படுத்தியவர் கே.ஏ. அப்பாஸ். பத்திரிகையாளராகவும் எழுத்தாளராகவும் இயக்குநராகவும் விளங்கிய அப்பாஸ்தான், 1969-ல் "சாத் ஹிந்துஸ்தானி" படத்தின் மூலம் அமிதாப் பச்சனையும் அறிமுகப்படுத்தினார். அதற்குச் சற்று முன்னர் அவர் எடுத்த "பம்பாய் ராத் கி பாஹோன் மே" படத்தில் பெர்சிஸுக்குக் கிடைத்தது காபரே பாடகி லில்லியின் வேடம்.

அந்த வேடமே அன்றைய நிலையைச் சொல்லிவிடும். மேற்கத்திய உடை அணிந்து, ஆங்கிலம் கலந்து பேசும் பெண்ணை இந்தித் திரை அப்போது கதாநாயகியாக ஏற்கவில்லை. இரவு விடுதியில் ஆடுபவளாகவும் பாடுபவளாகவும்தான் பார்த்தது. நாயகி என்றால் சேலை, நாணம், நீண்ட கூந்தல். 1970-ல் ஆசிய பசிபிக் அழகிப் பட்டம் வென்ற ஜீனத் அமான், மறு ஆண்டு "ஹரே ராமா ஹரே கிருஷ்ணா" படத்தில் தோன்றிய பின்னரே அந்த இலக்கணம் மெல்லத் தளர்ந்தது. அதற்குள் பெர்சிஸ் பம்பாயை விட்டுப் புறப்பட்டுவிட்டார்.

லண்டன் வழியே ஒரு பயணம்

மாடலிங் தொழில் அவரை மேலை நாடுகளுக்குக் கொண்டு சென்றது. 1975-ம் ஆண்டு ஆங்கிலத் திரையில் அவருக்கு இரு வாய்ப்புகளைத் தந்தது. முதலாவது "கான்டக்ட் அன்பிகமிங்". பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் நிலைகொண்ட படைப்பிரிவு ஒன்றின் அதிகாரிகளைப் பற்றிய கதை அது. புணேயை அடுத்த கட்கி போன்ற கன்டோன்மென்ட் ஊர்களில் இன்றும் நிற்கும் பழைய பங்களாக்களையும் அதிகாரிகள் மன்றங்களையும் பார்த்தவர்களுக்கு, அந்தக் கதை நடக்கும் உலகம் எத்தகையது என்று விளங்கும். இந்தியாவில் நடக்கும் கதையே ஆனாலும், அதன் முக்கியப் பாத்திரங்களில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள்.

இரண்டாவது "தி வில்பி கான்ஸ்பிரசி". தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியைப் பின்னணியாகக் கொண்ட அந்தப் படத்தில் சிட்னி பாய்ட்டியர், மைக்கேல் கெய்ன் என்ற இரு பெரும் நடிகர்களுடன் நடித்தார் பெர்சிஸ். அங்கு வாழும் இந்திய வம்சாவளி மருத்துவராக அவர் ஏற்ற பாத்திரத்துக்குப் பெயரும் பெர்சிஸ் என்பதே. இரு படங்களும் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கவில்லை. ஆயினும், ஆங்கிலப் படவுலகின் பாத்திரத் தேர்வாளர்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்றாக அவரது பெயரும் சேர்ந்தது.

மொட்டைத் தலை

"ஸ்டார் டிரெக்" என்ற விண்வெளித் தொடர் 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. மூன்றே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டாலும், மறு ஒளிபரப்புகளின் மூலம் லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. அதை மீண்டும் தொடராக எடுக்க 1977-ல் பாரமவுன்ட் நிறுவனம் திட்டமிட்டது. அதில் இலியா என்ற புதிய பாத்திரத்துக்குப் பெர்சிஸ் தேர்வானார். வேற்றுக்கிரகத்தைச் சேர்ந்த விண்கல மாலுமி அவள். அந்த இனத்தவருக்குத் தலைமுடி இருப்பதில்லை.

1977-ல் வெளிவந்த "ஸ்டார் வார்ஸ்" விண்வெளிப் படங்களுக்குப் பெரும் சந்தையை உருவாக்கியிருந்தது. எனவே பாரமவுன்ட் தொடரைக் கைவிட்டு, அதே கதையைப் பெரும் பொருட்செலவில் திரைப்படமாக எடுக்க முடிவு செய்தது. தமிழகத்திலும் பலர் பார்த்து ரசித்த "தி சவுண்ட் ஆஃப் மியூசிக்" படத்தின் இயக்குநர் ராபர்ட் வைஸிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1978 ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியது. ஐந்து ஆண்டுத் தொடருக்கு ஒப்பந்தமாகியிருந்த பெர்சிஸ், ஒரே நாளில் மாபெரும் திரைப்படத்தின் நாயகியானார். அதற்காக அவரது கூந்தல் முழுவதும் மழிக்கப்பட்டது.

நம் நாட்டில் ஒரு பெண்ணின் தலை மழிக்கப்படுவதற்கு இரண்டு பொருள்கள்தாம் நெடுங்காலம் இருந்தன. ஒன்று, பழநியிலோ திருப்பதியிலோ செலுத்தும் நேர்த்திக்கடன். மற்றொன்று, கணவனை இழந்தவள் மீது சமூகம் சுமத்திய கொடுமை. அழகுப் போட்டியில் வென்ற முகத்தையே மூலதனமாகக் கொண்டு பிழைத்த ஒரு பெண், தொழிலுக்காகத் தன் கூந்தலைத் தானே விட்டுக் கொடுப்பது அதுவரை கேட்டறியாத செய்தி. மீண்டும் முடி வளருமா, வளர்ந்தாலும் முன்போல் இருக்குமா என்ற கவலை அவருக்கும் இருந்தது. இருந்தும் அவர் தயங்கவில்லை.

1979 டிசம்பர் 7-ம் தேதி "ஸ்டார் டிரெக்: தி மோஷன் பிக்சர்" வெளியானது. சுமார் 4.4 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம், அக்காலத்தின் மிகப் பெரிய தயாரிப்புகளில் ஒன்று. மழித்த தலையுடன் நிமிர்ந்து நின்ற அந்த இந்தியப் பெண்ணின் படம் உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்றது. முடியே அழகு என்று நம்பிய உலகம், முடி இல்லாத அந்த முகத்தையும் அழகு என்று ஒப்புக்கொண்டது.

நடிப்பிலும் அந்த வேடம் எளிதானதன்று. படத்தின் நடுவில் இலியா கடத்தப்படுகிறாள். அவளுக்குப் பதிலாக அவளது உருவத்தில் இயந்திரம் ஒன்று விண்கலத்துக்குத் திரும்புகிறது. உணர்ச்சியற்ற இயந்திரத்தையும், அதனுள் எங்கோ மிச்சமிருக்கும் பெண்ணின் நினைவையும் ஒரே முகத்தில் அவர் காட்ட வேண்டியிருந்தது. அறிவியல் புனைகதைப் படங்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் சாட்டர்ன் விருதின் சிறந்த நடிகை பிரிவில் அவரது பெயர் பரிந்துரைக்கப்பட்டது. மறு ஆண்டு ஆஸ்கர் விழாவில் அந்தப் படம் மூன்று பிரிவுகளில் போட்டியிட்டது. விருது வழங்குபவர்களில் ஒருவராகப் பெர்சிஸும் மேடை ஏறினார்.

பெயரை மறைக்காதவர்

இதன் அருமையை உணர, அவருக்கு முன் ஹாலிவுட் சென்ற இந்தியர்களின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1911-ல் பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான், 1930-களில் ஹாலிவுட்டின் முன்னணி நாயகியாக இருந்தார். "தி டார்க் ஏஞ்சல்" படத்துக்காக ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஆனால் தம் இந்தியப் பிறப்பை வாழ்நாள் முழுவதும் மறைத்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்றே சொல்லிவந்தார். கலப்பினப் பெண் என்று தெரிந்தால் நாயகி வேடம் கிடைக்காது என்பதே அன்றைய நிலை. மைசூரில் பிறந்து, "எலிஃபன்ட் பாய்" படத்தின் மூலம் 1937-ல் உலகப் புகழ் பெற்ற சாபு அமெரிக்கக் குடியுரிமை ஏற்றார். யானைப் பாகன், காட்டுச் சிறுவன் போன்ற வேடங்களே அவரை அதிகமும் தேடிவந்தன.

பெர்சிஸ் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை; பிறந்த ஊரை மறைக்கவில்லை; குடியுரிமையையும் துறக்கவில்லை. மேலை நாட்டு நாவுகளுக்குப் பழக்கமில்லாத "கம்பாட்டா" என்ற பார்சி குடும்பப் பெயர் அப்படியே திரையில் ஒளிர்ந்தது. ஆனால் அந்தப் படத்திலும் அவர் இந்தியப் பெண்ணாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூமியைச் சேராத ஒருத்தியாக, தலைமுடி இல்லாதவளாக, பின்னர் இயந்திரமாகத்தான் வந்தார். ஓர் இந்திய முகத்தை நாயகியாக ஏற்க ஹாலிவுட்டுக்கு அன்று வேற்றுக்கிரகம் ஒன்று தேவைப்பட்டது.

கதையின் முடிவில் இலியா விண்வெளியில் கலந்து மறைந்துவிடுகிறாள். எனவே 1982-ல் வந்த அடுத்த "ஸ்டார் டிரெக்" படத்தில் பெர்சிஸுக்கு இடமில்லை. மற்ற நடிகர்கள் பல ஆண்டுகள் அந்தப் படவரிசையில் வாழ்ந்தனர். அவருக்கு மட்டும் அது ஒரே படத்துடன் முடிந்துபோனது.

விபத்தும் அறுவைச் சிகிச்சையும்

புகழின் உச்சியில் இருந்த 1980-ம் ஆண்டிலேயே முதல் அடி விழுந்தது. ஜெர்மனியில் நடந்த கார் விபத்தில் அவர் பலத்த காயமடைந்தார். தலையில் ஏற்பட்ட காயம் வடுவாக நிலைத்தது. மழித்த தலையால் புகழ் பெற்றவருக்குத் தலையிலேயே காயம் என்பது விதியின் கொடிய விளையாட்டு எனலாம்.

உடல் தேறி மீண்டும் நடிக்க வந்தார். 1981-ல் "நைட்ஹாக்ஸ்" படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோனுடன் நடித்தார். அதில் அவருக்குப் பயங்கரவாதி வேடம். 1982-ல் வெளியான "மெகாஃபோர்ஸ்" அவரை ராணுவ அதிகாரியாகக் காட்டியது. படம் வசூலில் படுதோல்வி கண்டது. அமெரிக்க நடிகர் ஒருவருடன் 1981-ல் நடந்த திருமணமும் நீடிக்கவில்லை. 1983-ல் அவருக்கு இருதய ரத்தக்குழாய் மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, அதுவும் தோற்றத்தையே நம்பியிருக்கும் நடிகைக்கு, இதைவிடப் பெரிய இடி இருக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஹாலிவுட்டும் பிரிட்டிஷ் படவுலகமும் இந்தியாவின் பக்கம் திரும்பின என்பது இந்தக் கதையின் வேதனையான பகுதி. 1982-ல் "காந்தி" வெளியானது. மறு ஆண்டு அப்படத்தின் ஆடை வடிவமைப்புக்காகப் பானு அத்தையா ஆஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் ஆனார். 1983-ல் ஜேம்ஸ் பாண்ட் படமான "ஆக்டோபஸி" உதய்பூர் ஏரி அரண்மனைகளில் படமாகி வெளிவந்தது. சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் நண்பராக நடித்தார். 1986-ல் வந்த நான்காவது "ஸ்டார் டிரெக்" படத்திலும் விண்கலத் தலைவராகத் தோன்றினார். 1984-ல் "எ பாசேஜ் டு இந்தியா" வந்தது. இந்தியக் கதைகளுக்கு மதிப்பு கூடிய அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில், அங்கே ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஒரே இந்திய நடிகை நோயுடன் போராடிக்கொண்டிருந்தார்.

1985-ல் அவர் பம்பாய் திரும்பினார். "ஷிங்கோரா" என்ற இந்தித் தயாரிப்பில் நடித்தார். சிறிது காலத்துக்குப் பின் மீண்டும் அமெரிக்கா சென்று "மைக் ஹாமர்", "மெக்கைவர்" போன்ற தொலைக்காட்சித் தொடர்களில் ஒருசில அத்தியாயங்களில் தோன்றினார். 1993-ல் சூப்பர்மேன் கதையை ஒட்டிய "லோயிஸ் அண்ட் கிளார்க்" தொடரின் முதல் அத்தியாயத்தில் சிறிய வேடம் ஒன்றில் நடித்தார். நடிகையாக அவர் திரையில் தோன்றியது அதுவே கடைசி.

மாறிவிட்ட தாய்நாடு

அடுத்த ஆண்டே இந்தியாவில் ஒரு புதிய காலம் பிறந்தது. 1994 மே மாதம் மணிலாவில் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியானார். அதே ஆண்டு நவம்பரில் ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். 1991-ல் தொடங்கிய பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் இந்தியச் சந்தையை நோக்கி வந்த அழகுசாதன நிறுவனங்களுக்கு இந்த முகங்கள் தேவைப்பட்டன. 1997-ல் டயானா ஹெய்டன், 1999-ல் யுக்தா முகி, 2000-ல் லாரா தத்தா, பிரியங்கா சோப்ரா எனப் பட்டங்கள் குவிந்தன.

இவர்களில் சுஷ்மிதா, லாரா, பிரியங்கா ஆகியோர் படைப்பணியில் இருந்தவர்களின் மகள்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறி, கன்டோன்மென்ட் பள்ளிகளில் பல மாநிலத்துப் பிள்ளைகளுடன் ஆங்கிலம் பேசிப் பழகி, அந்நியர் முன் கூச்சமின்றி நிற்கக் கற்றவர்களுக்குப் போட்டி மேடை புதிய இடமாகத் தோன்றியிருக்காது. பெர்சிஸின் காலத்தில் தனித்தனி நபர்களின் துணிவாக இருந்தது, இவர்கள் காலத்தில் பயிற்சியும் முதலீடும் கொண்ட தொழிலாகிவிட்டது.

திரையுலகின் கதவும் அகலத் திறந்தது. தமிழ் ரசிகர்களே அதற்குச் சாட்சி. 1997-ல் மணிரத்னத்தின் "இருவர்" மூலம் ஐஸ்வர்யா ராய் திரைக்கு வந்தார். அதே ஆண்டு "ரட்சகன்" படத்தில் சுஷ்மிதா சென் நடித்தார். பிரியங்கா சோப்ராவின் முதல் படமே 2002-ல் விஜய்யுடன் நடித்த "தமிழன்" தான். 1999-ல் "மிஸ் சென்னை" பட்டம் வென்ற த்ரிஷா அடுத்த சில ஆண்டுகளில் தமிழின் முன்னணி நாயகியானார். அழகிப் பட்டம் காபரே வேடத்துக்கான தகுதி என்ற நிலை மாறி, நாயகி வேடத்துக்கான நுழைவுச் சீட்டாகிவிட்டது.

எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, பெண்களைச் சந்தைப் பொருளாக்குகிறார்கள் என்று பெண்கள் அமைப்புகளும், பண்பாட்டுச் சீரழிவு என்று வேறு சில அமைப்புகளும் போராடின. நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. அழகுக்கு மதிப்பெண் இடுவது சரியா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. மழித்த தலையுடன் நின்ற பெர்சிஸின் படத்தையும் அந்த விவாதத்தில் ஒரு சாட்சியாக வைக்கலாம். எந்த அளவுகோலால் அவருக்கு மகுடம் சூட்டினார்களோ, அதில் முதன்மையான ஒன்றை அவர் கழற்றி வைத்த பிறகுதான் உலகம் அவரை அறிந்துகொண்டது.

பிறருக்காக எழுதிய நூல்

வேடங்கள் குறைந்த பின்னர் பெர்சிஸ் எடுத்துக்கொண்ட வேலை கவனத்துக்குரியது. தமக்கு முன்னும் பின்னும் இந்திய அழகிப் பட்டம் வென்றவர்களைப் பற்றிய தகவல்களையும் படங்களையும் திரட்டி, "பிரைட் ஆஃப் இந்தியா" என்ற ஆங்கில நூலை 1997-ல் வெளியிட்டார். மகுடம் சூடிய ஓராண்டுக்குப் பத்திரிகைகளில் நிறைந்திருந்துவிட்டுப் பிறகு மறக்கப்பட்ட பெண்கள் பலரை அந்த நூல் நினைவில் நிறுத்தியது. அன்னை தெரசாவுக்கு அதைக் காணிக்கையாக்கிய பெர்சிஸ், நூலின் உரிமைத் தொகையில் ஒரு பகுதியை அவரது அறப்பணி சபைக்கு வழங்க ஏற்பாடு செய்தார்.

தம் புகழைத் தாமே பாடிக்கொள்ளும் தன்வரலாறு ஒன்றை அவர் எழுதியிருக்கலாம். அதற்கு வேண்டிய கதை அவரிடம் ஏராளமாக இருந்தது. மாறாக, ஒரு வரிசையின் நடுவில் தம்மையும் ஒருத்தியாக நிறுத்திக்கொண்டார். முதலில் சென்றவர்களின் தடம் எவ்வளவு விரைவில் அழிந்துபோகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர் அவர். அந்த அறிவிலிருந்து பிறந்த நூல் அது என்று கருத இடமுண்டு.

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1998 ஆகஸ்ட் மாதம், நெஞ்சு வலி என்று தெற்கு மும்பை மருத்துவமனை ஒன்றில் அவர் சேர்க்கப்பட்டார். ஆகஸ்ட் 18-ம் தேதி மாரடைப்பால் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 49. ஐம்பதாவது பிறந்த நாளுக்கு ஆறு வாரங்களே எஞ்சியிருந்தன.

முன்னே சென்றவரின் தடம்

2015-ல் "குவான்டிகோ" தொடரில் பிரியங்கா சோப்ரா முதன்மைப் பாத்திரம் ஏற்றபோது, அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் நாடகத் தொடருக்குத் தலைமை ஏற்ற முதல் தெற்காசியப் பெண் என்று அவர் போற்றப்பட்டார். அந்தத் தொடரில் அவர் ஏற்றது இந்தியத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த, உளவுத்துறைப் பயிற்சிக்கு வந்த பெண்ணின் வேடம். வேற்றுக்கிரகத்துக்குச் செல்ல வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. தலைமுடியை இழக்க வேண்டியும் இருக்கவில்லை. 1979-க்கும் 2015-க்கும் இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் நடந்த மாற்றம் இதுவே.

அந்த மாற்றத்தைப் பெர்சிஸ் தனியொருவராகக் கொண்டுவந்தார் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்களின் எண்ணிக்கை பெருகியதும், இந்தியா பெரும் சந்தையாக வளர்ந்ததும், தொலைக்காட்சியும் இணையமும் எல்லைகளை அழித்ததும் காரணங்கள். ஆனால் இந்தியப் பெயருடன், இந்தியப் பிறப்பை மறைக்காமல் ஒரு பெண் ஹாலிவுட்டின் பெரும் படமொன்றில் நாயகியாக நிற்க முடியும் என்பதற்கு, 1979-ல் அவர் ஒருவரே எடுத்துக்காட்டாக இருந்தார்.

வாசலைத் திறப்பவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் நெடுநாள் தங்குவதில்லை. பெர்சிஸுக்குக் கிடைத்தது ஒரு பெரிய படம், ஒரு விருது மேடை, அதன் பின் நோயும் சிறு வேடங்களும்தான். அவரை அழகி என்று முதலில் அழைத்த நாடு விரைவில் மறந்தது. "ஸ்டார் டிரெக்" ரசிகர்கள் மட்டும் அந்தப் படத்தை இன்றும் மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். விண்கலத்தின் கட்டுப்பாட்டறைக்குள் மழித்த தலையை நிமிர்த்தியபடி வந்து, தன் இருக்கையில் அமரும் அந்தப் பெண்ணை அவர்கள் ஒவ்வொரு முறையும் வரவேற்கிறார்கள். அவர் பம்பாயில் ஒரு பார்சி வீட்டில் பிறந்தவர் என்பதைத் திரையில் வரும் அந்தப் பெயரே அவர்களுக்குச் சொல்கிறது.